வானத்துக் கண்ணும் மலையகத்து மண்ணும்

காட்டை எண்ணப் புறப்பட்டவர் எவரும் காட்டின் பொருட்டு மட்டும் எண்ணியதாக வரலாறு இல்லை. கப்பல் கட்டியவர் பலகைக்காக எண்ணினர். கோப்பித் துரைமார் ஏக்கருக்காக எண்ணினர். அரசினர் வரிக்காக எண்ணினர். இன்று வானத்திலிருந்து எண்ணுகிறார்கள். காபனுக்காக எண்ணுகிறோம், உலகைக் காப்பதற்காக எண்ணுகிறோம் என்கிறார்கள். நோக்கம் நல்லதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணுகிற கருவி மாறியதேயன்றி, எண்ணி முடித்தபின் அந்த நிலம் யாருக்கு என்ற பழைய வினா மாறவில்லை. அந்த வினாவை ஊவாவின் தேயிலை மலைகளில் நின்று எழுப்புவதே நமது நோக்கம்.

நாம் விஞ்ஞானத்துக்குப் பகைவர் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஓர் ஏக்கர் காட்டில் எவ்வளவு மரத்திணிவு நிற்கிறது என்று அறிய, அதனை வெட்டி உலர்த்தி நிறுப்பதைத் தவிர வேறு வழியற்றிருந்த காலம் உண்டு. அந்த நிலையிலிருந்து மனித அறிவு நெடுந்தூரம் வந்துவிட்டது. நமது நாட்டிலேயே 1956 முதல் 1961 வரை, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் துணையோடு, விமானப் படங்களைக் கொண்டு காடுகள் கணக்கெடுக்கப்பட்டன. நிலப்பரப்பில் 44 வீதம் காடு என்று அன்று கண்டனர். 1972இல் முதல் லான்ட்சாட் செய்மதி ஏவப்பட்டது. 2008இல் அதன் படங்கள் யாவும் உலகத்தார் அனைவருக்கும் விலையின்றித் திறந்துவிடப்பட்டன. பசறையிலோ பண்டாரவளையிலோ படிக்கும் ஒரு மாணவன், தன் தோட்டத்துக்கு மேலேயுள்ள மலை தன் தகப்பனார் காலத்தில் எப்படி இருந்தது என்பதை ஒரு சதமும் செலவிடாது இன்று பார்க்கலாம். அறிவு பொதுவுடைமையாவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? 2025 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் ‘பயோமாஸ்’ என்னும் செய்மதியை ஏவிற்று. அதே ஆண்டு ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அமெரிக்காவும் இந்தியாவும் கூட்டாக அமைத்த ‘நிசார்’ புறப்பட்டது. காட்டின் உயிர்த்திணிவை அளப்பது இரண்டுக்கும் உரிய பணி.

எனவே நாம் தொடுக்கும் வழக்கு கருவியின் மேலன்று. கருவி தந்த எண்ணைக் கடவுள் வாக்காக்கி, அதன் பெயரால் மண்ணில் வாழ்வோரை மறைப்பவர் மேலேயே.

செய்மதி எந்த மரத்தையும் நிறுப்பதில்லை. இதைப் பலர் அறியார். அறிந்தவரும் மேடையில் சொல்லார். கணக்கு தரையில்தான் தொடங்குகிறது. ஒருவர் காட்டுக்குள் சென்று, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார். உயரத்தைக் குறிக்கிறார். மரத்தின் இனத்தைக் கண்டு, அதன் கட்டை எவ்வளவு கனமானது என்று அறிகிறார். ஏனெனில் ஒரே பருமனுள்ள முருக்கும் பாலையும் ஒரே நிறை உடையன அல்ல. இவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டால் உலர் நிறை கிடைக்கும். அந்தச் சூத்திரமும் எங்கோ வெட்டி நிறுத்துப் பார்த்த மரங்களிலிருந்து பிறந்ததே. வெப்ப வலயம் முழுமைக்கும் பரவலாக வழங்கும் 2014ஆம் ஆண்டுச் சூத்திரம், 58 இடங்களில் வெட்டப்பட்ட 4,004 மரங்களை அடிப்படையாகக் கொண்டது. உலர் நிறையில் ஏறக்குறையச் சரிபாதி காபன்.

இதன் பின்னரே வானத்தின் வேலை தொடங்குகிறது. ஒளிப்படம் எடுக்கும் செய்மதி இலையின் பச்சையைக் காண்கிறது. ராடார்ச் செய்மதி வானொலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. லேசர்க் கருவி ஒளித்துடிப்பை எய்து, அது மரத்தின் உச்சியிலும் இடைக்கிளையிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணித்து உயரத்தையும் அடுக்குகளையும் சொல்கிறது. இந்தச் சைகைகளை, தரையில் நாடா பிடித்து அளந்த துண்டுகளோடு பொருத்தி, ‘இவ்வளவு சைகைக்கு இவ்வளவு தொன்’ என்றொரு தொடர்பு காண்கிறார்கள். அத்தொடர்பை அளக்காத நிலம் முழுவதற்கும் விரிக்கிறார்கள். ஆக, விண்ணிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு தொன்னுக்கும் அடியில், ஏதோ ஒரு காட்டில் அட்டைக் கடியோடு நின்ற ஒரு மனிதன் இருக்கிறான். அவன் நிற்காத நாட்டில் அந்த எண் ஊகமே.

ஊவாவின் மலைகளில் இந்த ஊகம் எவ்வளவு தள்ளாடும் என்று பார்ப்போம். 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ‘ஜெடி’ லேசர்க் கருவியின் ஒளி, தரையில் 25 மீற்றர் விட்டமுள்ள வட்டமாக விழுகிறது. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே 60 மீற்றர். ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே 600 மீற்றர். இடையிலுள்ளதை அது பார்ப்பதேயில்லை. பார்க்கும் வட்டமும் சமதரையில் விழுந்தால் நன்று. தேயிலை மலையில் 30 பாகைச் சரிவு என்பது புதுமையன்று. அத்தகைய சரிவில் அந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே தரை 14 மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறது. அப்போது கருவி எதைத் தரை என்பது, எதை மர உச்சி என்பது? சரிவைத் திருத்தாமல் கணக்கிட்டால், இடுப்பளவு கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியும் வானுயர்ந்த விருட்சமாகிவிடும். ராடாருக்கும் இதே இடர் உண்டு: செய்மதியை நோக்கிய சரிவு மிகைப்படத் தெரியும், முதுகு காட்டிய சரிவு நிழலில் மறையும். அடர்ந்த காட்டிலோ மற்றொரு சிக்கல். குறுகிய அலை மேல் இலையிலேயே நின்றுவிடும். 24 சென்ரிமீற்றர் அலையும் ஹெக்டேயருக்கு 100, 150 தொன் அளவைத் தாண்டியபின் வேறுபாடு காட்டத் திணறும். பயோமாஸ் செய்மதி ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் அலையைக் கையாள்வது இதனாலேயே. ஆனால் அது உயிர்த்திணிவைச் சொல்லும் அலகு, பக்கத்துக்கு 200 மீற்றர் கொண்ட சதுரம். வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி நமுனுகுலையை மூடும் மாதங்களில் ஒளிப்படச் செய்மதிக்கு முகிலைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

விஞ்ஞானிகள் இக்குறைகளை மறைக்கவில்லை. தங்கள் கட்டுரைகளில் வழுவின் எல்லையையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அந்த எல்லை கொழும்புக்கு வரும் வழியில் உதிர்ந்துபோகிறது. அறிக்கையில் ஓர் எண் மட்டும் மிஞ்சுகிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று நம் முன்னோர் எதைச் சொன்னார்களோ, அதற்கு இன்று நிறப்படம் வேறு போட்டுத் தருகிறார்கள்.

அடுத்து, எதைக் காடு என்பது? உலக உணவு விவசாய நிறுவனத்தின் இலக்கணப்படி, அரை ஹெக்டேயர் பரப்பும், 5 மீற்றருக்கு மேல் வளரும் மரமும், 10 வீதத்துக்கு மேற்பட்ட மரக்கவிகையும் இருந்தால் அது காடு. வெட்டி வெறுமையாக்கிய நிலமும், மீண்டும் நடப்படுமானால், காடாகவே நிற்கும். இந்தியாவில் காட்டு மூட்டத்தை எண்ணும்போது, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்டு 10 வீதக் கவிகை உள்ள நிலம் யாவும், அது எவருடைய தோப்பாயினும் தோட்டமாயினும், கணக்கில் ஏறுகிறது. நமது மலைக்கு வருவோம். 1970களிலும் 1980களிலும் ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் பெருமளவில் பைனஸ் நட்டார்கள். அதன் அடியில் செடி கொடி தழைப்பது அரிது. ஊசியிலை படுக்கையாய்க் கிடக்கும். ஆடிக் காற்றில் ஒரு தீக்குச்சி போதும், மலை முழுவதும் எரியும். ஆண்டுதோறும் எரிவதை நாம் காண்கிறோம். மறுபுறம் ஹோட்டன் சமவெளியின் விளிம்பில், ஒஹியாவுக்கு மேலே, கூனிக் குறுகிய மரங்களையுடைய முகிற்காடு நிற்கிறது. அதன் உயரம் குறைவு. ஆனால் அது பனிமூட்டத்தைப் பிடித்து நீராக்கி ஆற்றுக்குத் தருகிறது. வேறெங்கும் இல்லாத உயிர்களைத் தாங்குகிறது. உயரத்தை மட்டும் கேட்கும் கருவிக்கு முன் இரண்டையும் நிறுத்துங்கள். பைனஸ் பரிசு வாங்கும், முகிற்காடு தோற்றுவிடும்!

உணவு விவசாய நிறுவனம் இயற்கைக் காட்டையும் நட்ட காட்டையும் வேறுபடுத்தியே கேட்கிறது என்பதை நேர்மையோடு சொல்லவேண்டும். ஆயினும் விழா மேடைக்கு வருவது கூட்டுத்தொகைதான். 2010இல் இலங்கையின் காடு 29.7 வீதம் என்றார்கள். அதிலே அடர்காடு ஏறத்தாழ 22 வீதந்தான். எஞ்சியது ஐதான காடும் புற்காடும் கண்டலும் ஆகும். அதை 32 வீதமாக்குவோம் என்பது நாட்டின் குறிக்கோள். எதைக் கொண்டு நிரப்பப் போகிறீர்கள் என்று கேட்காதவன் குடிமகன் அல்லன்.

தமிழ் படித்த நமக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. நிலத்தைப் பகுத்த நம் பழைய இலக்கணம் மரத்தோடு நின்றுவிடவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பன கருப்பொருள். அந்த நிலத்து மாந்தரின் வாழ்வு உரிப்பொருள். ‘செய்தி’ என்றால் தொழில். உழைப்பை நீக்கிய நிலம் ஒன்று அந்த இலக்கணத்துக்குத் தெரியாது. இன்றைய செய்மதி முதற்பொருளைக் காண்கிறது. கருப்பொருளில் மரத்தை மட்டும், அதுவும் அரைகுறையாகக் காண்கிறது. உரிப்பொருள் அதன் கண்ணில் படுவதில்லை. பட வேண்டும் என்று கருவியைக் குறைகூற முடியாது. படாததை இல்லை என்று எழுதுகிறவனையே குறைகூற வேண்டும்.

இப்படி எழுதியவர்கள் முன்னரும் இருந்தார்கள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியற்ற, பயிரற்ற நிலங்கள் யாவும் மாறான சான்று காட்டப்படும்வரை முடிக்கே உரியவை என்றது. 1818இன் எழுச்சி அடக்கப்பட்டு முதுகொடிந்த ஊவாவின் சிங்களக் குடியானவன், தன் சேனைக்கும் மேய்ச்சலுக்கும் எழுத்துச் சான்று எங்கே தேடுவான்? அவன் உழைத்த நிலம் ‘வெறும் காடு’ ஆயிற்று. வெறும் காடு துரையின் தோட்டமாயிற்று. அம்மலைகளின் மூதாதை மரங்கள் வெட்டி எரிக்கப்பட்டன. அன்று புகையாய்ப் போன உயிர்த்திணிவை இன்று எந்தக் கம்பனியின் பற்றில் எழுதியிருக்கிறார்கள்? 1873இல் ஹூக்கர் என்னும் தாவர அறிஞர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று சொல்லும் நிலை வந்தது.

அந்தத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்கள். அவர்களையும் எண்ணினார்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எண்ணிக் கழித்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் உனக்கு, 3 இலட்சம் பேர் எனக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர் பார்ப்போம் என்று பங்கு போட்டது. எண்ணப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. 2003இன் சட்டம் வரையில் நாடற்றவர் என்ற சொல் இந்நாட்டில் வாழ்ந்தது. கேளாமல் எண்ணுவதன் பொருள் என்னவென்று மலையகத்தானுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்போது ஒரு சிறு கணக்கு. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு வீடமைக்க 7 பேர்ச் நிலம் என்று 2015க்குப் பின் அரசு ஒப்புக்கொண்டது. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். லான்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர். அதாவது 900 சதுர மீற்றர். வானத்திலிருந்து பார்ப்போனுக்குப் பிரித்தறிய முடியாத ஒற்றைப் புள்ளிக்குள் ஐந்து குடும்பங்களின் வாழ்நாட் கனவு அடங்கிவிடுகிறது. பயோமாஸ் செய்மதியின் ஒரு சதுரத்துக்குள்ளோ இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள்! பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த அறைக்குப் பின்னால் உள்ள கீரைப் பாத்தி, ஆட்டுக் கொட்டில், பீலித் தண்ணீர் வரும் ஊற்று, விறகுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆகியவை நில அளவைப் படத்திலும் இல்லை. காபன் படத்திலும் இல்லை. தோட்ட நிலம் அரசினது. 1972, 1975 ஆண்டுகளில் தேசியமயமானது. 1992இல் அதன் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. அதில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோரில் பெரும்பாலோரின் பெயர் ஏட்டில் நிலத்துக்கு நேரே எழுதப்படவில்லை. நாளை கைவிடப்பட்ட தேயிலை மலை ஒன்று ‘காபன் காடு’ என்று குறிக்கப்படுமானால், அங்கே 7 பேர்ச் கேட்டு நிற்பவனிடம் என்ன சொல்வார்கள்? “இது காடு, உலகத்துக்குச் சொந்தம்” என்பார்கள். 1840இன் சட்டம் பேசிய மொழியும் இதுவே. குரல் மட்டும் இனிமையாயிருக்கும்.

அளவை மட்டும் மக்களைக் காப்பதில்லை என்பதற்கு ஊவாவே சாட்சி. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் அபாயமான இடம், மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தது. அளந்தவர் தம் கடமையைச் செய்தனர். ஆனால் அகன்று எங்கே போவது? 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்து லயன்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. மலையின் தழும்பைச் செய்மதி துல்லியமாகப் படம் பிடிக்கும். படத்தைப் பார்த்தபின் பாதுகாப்பான ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்க வேண்டிய கை வானத்தில் இல்லை, கந்தோரில் இருக்கிறது.

எண்ணுக்கு இப்போது விலை வேறு வந்துவிட்டது. ஒரு தொன் காபன் மரத்தில் தங்கினால் 3.67 தொன் காபனீரொட்சைட்டு காற்றில் கலக்கவில்லை என்று கணக்கிட்டு, அதைச் சீட்டாக்கி விற்கும் சந்தை உலகெங்கும் நடக்கிறது. அங்கே ஆலைப் புகையை நிறுத்த விரும்பாதவன், இங்கே நிற்கும் மரத்தின் பெயரால் மன்னிப்புச் சீட்டு வாங்குகிறான். 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் ‘கார்டியன்’, ஜெர்மனியின் ‘டீ சைட்’ ஆகிய பத்திரிகைகள், வெர்ரா என்னும் பெருநிறுவனம் சான்றளித்த மழைக்காட்டுச் சீட்டுகளில் 90 வீதத்துக்கு மேற்பட்டவை மெய்யான பயன் அற்றவை என ஆய்வுகளைக் காட்டி எழுதின. அந்நிறுவனம் மறுத்தது. வழக்கு எப்படி முடியினும் ஒன்று தெளிவு: எண்ணைச் சற்று உயர்த்துவதில் இலாபம் காண்பவர் தோன்றிவிட்டார்கள். கவனிப்பாரற்ற இடத்தில்தான் எண் உயரும்.

“மக்கள்தாமே காட்டை அழிக்கிறார்கள்? விறகு பொறுக்கும் பெண்களைத் தடுத்தாலே காடு தழைக்குமே” என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. நகரத்தில் எரிவாயு அடுப்பின் முன் நின்று சொல்கிறார்கள். கொழுந்தை உலர்த்தும் தோட்டத் தொழிற்சாலையின் அடுப்பில் எரிவதும் விறகுதான். அதற்கென்றே யூக்கலிப்டஸ் நட்டு வெட்டுகிறார்கள். ஆலையின் விறகு உற்பத்திச் செலவு; தாயின் தலைச்சுமை மட்டும் காடழிப்பு! இந்தக் கணக்கு எந்தச் செய்மதியிலிருந்தும் வரவில்லை; வர்க்கத்திலிருந்து வருகிறது.

நமது கோரிக்கைகள் எளியவை. முதலாவதாக, ஊவாவின் சரிவுகளில், முகிற்காட்டிலும் பைனசிலும் சவுக்கு நிழல் நிற்கும் தேயிலையிலும் தனித்தனியே தரை அளவைத் துண்டுகள் அமையவேண்டும். அவற்றின் எண்கள், வழுவின் எல்லையோடு, தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் முன் வைக்கப்படவேண்டும். இரண்டாவதாக, இயற்கைக் காட்டையும் நட்ட தோப்பையும் ஒரே கூட்டில் சேர்த்து மேடையேற்றும் வழக்கம் ஒழியவேண்டும். மூன்றாவதாக, எந்தத் தோட்ட நிலமும் காடு என்றோ காபன் நிலம் என்றோ குறிக்கப்படுமுன், அங்கே வாழ்வோரின் வீடு, ஊற்று, பாதை, பாத்தி யாவும் அதே படத்தில் குறிக்கப்பட்டு, அவர்கள் சம்மதம் பெறப்படவேண்டும்; சரிவு அபாயமற்ற இடத்தில் அவர்களுக்குரிய நிலம் முதலில் உறுதியோடு எழுதிக் கொடுக்கப்படவேண்டும். நான்காவதாக, அந்த மரத்தால் வரும் பணம் எதுவாயினும், அதை நட்டுக் காத்த கைகளுக்குப் பங்கு வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. சுற்றளவு அளக்க ஒரு நாடா போதும். உயரம் அளக்கப் பாடசாலைத் திரிகோண கணிதத்துக்கு மேல் தேவையில்லை. ஹாலிஎலையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் உள்ள பாடசாலைகள், தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து, தம்மைச் சுற்றிய மலையைத் தாமே அளந்து எழுதட்டும். எந்த மரம் எப்போது நட்டது, எந்த ஊற்று எந்த ஆண்டில் வற்றியது என்பதை லயத்துப் பாட்டிமாரிடமும் கிராமத்து முதியோரிடமும் கேட்டு எழுதட்டும். அந்தக் கொப்பிகள் வானத்து எண்ணுக்குப் பகையாகா, அதற்கு வேராகும். அளக்கத் தெரிந்த மக்களிடம் வந்து, உங்கள் மலை வெறும் காடு என்று சொல்லும் துணிவு எந்தக் கந்தோருக்கும் வராது.